ஒன்பதாம் பக்கத்து மல்லாட்டை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கிளியனூருக்குச் சற்று முன்னால் இறங்கி உள்ளே நடந்தால் வரும் தொடக்கப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே ஆசிரியர்கள் மொத்தம் இரண்டு பேர். தலைமையாசிரியை நான்காம், ஐந்தாம் வகுப்புகளை வைத்துக்கொண்டார். ஒன்று முதல் மூன்று வரை எனக்கு. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். நான் வெறும் சார்.

அதற்கு முன் சில வருடங்கள் விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருந்த காலத்தில் கிடைத்த வேலை அது. படங்களுக்கு அடியில் வரும் ஒற்றை வரியை எழுதுவது என் பொறுப்பு. படத்தில் கண்ணுக்குத் தெரிவதை வரியில் எழுதக் கூடாது என்பது அந்த மேசையின் விதி. பெண்கள் குடங்களோடு சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், 'காலிக் குடங்களுடன் பெண்கள்' என்று எழுதினால் தலைமை உதவி ஆசிரியர் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பதை எழுத வேண்டும். பள்ளிக்கு வந்தபோது கைவசம் இருந்த தொழில் அறிவு கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

விழுப்புரத்தில் வீடு. காலையில் திண்டிவனம் பேருந்து, அங்கே இன்னொன்று. கூட்டேரிப்பட்டில் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியே அவித்த மல்லாட்டைப் பொட்டலம் நீளும்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. சில நாள் அதுதான் காலைச் சாப்பாடு.

பள்ளியில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதற்குள் படக்கதைப் புத்தகங்கள். துறையிலிருந்து தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள் அல்லவா, பெரிய எழுத்தில் பக்கத்துக்கு ஒரு வரியும் மீதி முழுக்கப் படமுமாக, அவை. ஒவ்வொன்றுக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டு, இடையிடையே பாச்சா உருண்டை வைத்து அடுக்கியிருந்தார் பெரிய டீச்சர். சாவி அவர் கைப்பையில். இருப்புப் பதிவேட்டில் புத்தகங்களின் நிலை என்ற கட்டத்தில் வருடந்தோறும் 'நன்று' என்று எழுதியிருந்தார். அது உண்மை. ஒரு புத்தகத்தின் முதுகுகூட மடங்கியிருக்கவில்லை. விரித்தால் புது அச்சின் வாசனை வந்தது.

நான் சேர்ந்த வருடம் அவருடைய கடைசி வருடம். மே மாதம் ஓய்வு. பொறுப்பை ஒப்படைக்கும்போது, அடுத்து வருகிறவர் பீரோவில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது காணவில்லை, சேதம் என்று அவர் எழுதிவிட்டால், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று போய், ஓய்வூதியத் தாள்கள் ஏதாவது ஒரு மேசையில் உட்கார்ந்துகொள்ளும்.

இது அவருக்கு வெறும் பயம் அல்ல, நடந்த கதை. முதல்முதலாகத் தலைமையாசிரியை ஆனபோது, வேறொரு ஊர்ப் பள்ளியில், பழைய தலைமையாசிரியரை நம்பிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"பீரோவத் தெறக்காமப் போட்டேன் தம்பி. அவரு நல்ல மனுசன், வயசானவரு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாரு. அப்புறம் தெறந்தா உள்ள பாதி காலி. அதுக்கு நான் எழுதின லெட்டரு எல்லாம் சேத்தா ஒரு புஸ்தகம் வரும். படம் இல்லாத புஸ்தகம்."

பிள்ளைகள் எதிரில் என்னைச் சார் என்பார். தனியாக இருக்கும்போது தம்பி.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், அந்தப் புத்தகங்களை வகுப்பில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதற்கு முன்பு கேட்டபோது முடியாது என்றிருந்தார். இந்தத் தடவை மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பாடத்தை ஒப்பித்ததை அவரும் பார்த்துவிட்டார். படிக்கவில்லை, ஒப்பித்தாள். பெரிய டீச்சர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார்.

"புஸ்தகம் என் கைய விட்டுப் போவக் கூடாது. நான் புடிச்சிக்கினு உக்கார்றேன். நீங்க நடத்துங்க."

அப்படித்தான் தொடங்கியது. கடைசி மணி நேரத்தில் ஐந்து வகுப்பும் பெரிய அறையில் கூடும். பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை மார்புக்கு நேராக, படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி விரித்துப் பிடிப்பார். பிடிக்கும் முன் கையைக் கழுவிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார். பக்கத்தை மேல் மூலையில் இரண்டு விரலால் பிடித்துத் திருப்புவார். முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் அவருக்கும் இடையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டைத் தாண்டக் கூடாது.

முதல் நாள் எடுத்தது பேருந்தில் ஏறும் ஓர் ஆட்டின் கதை. நான் சுவரோரம் நின்று, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கேள்வி கேட்டேன். படத்தில் என்ன தெரிகிறது? இது என்ன நிறம்? பிள்ளைகள் ஒரே குரலில், சுருக்கமாகப் பதில் சொன்னார்கள். ஆடு. பஸ். சிவப்பு. எனக்குத் தெரிந்ததையே கேட்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். சரியான சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்கள்.

மூன்றாவது பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை.

"இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க?" என்றார் பெரிய டீச்சர்.

படம் அவருக்குத் தெரியவில்லை. அவர் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்தார். வருடக்கணக்காக அடுக்கி வைத்தாரே தவிர உள்ளே விரித்துப் பார்த்ததில்லை என்று பிற்பாடு சொன்னார். விரித்தால் முதுகு மடங்கிவிடுமாம்.

"கண்டக்டரு ஆட்டுக்கு டிக்கெட்டு குடுக்கிறாரு பெரிய டீச்சர்."

"குடுத்தா குடுக்கட்டும். அதுக்கு எதுக்குச் சிரிப்பு?"

"ஆடு டிக்கெட்ட தின்னுக்கினு இருக்குது."

"பாதி தின்னுட்டுது."

"பின்னாடி ஒரு ஆயா, அவங்க டிக்கெட்ட எடுத்து ஜாக்கெட்டுல ஒளிக்கிறாங்க."

"செக்கிங் வந்தா பேஜாரு பெரிய டீச்சர். ஆட்டுக்கு ஃபைன் போடுவாங்க."

"வாயத் தொறந்து காட்டுனா விட்டுருவாங்கடா."

ஒரு நிமிடத்துக்கு முன் 'ஆடு', 'பஸ்' என்று நிறுத்திக்கொண்ட பிள்ளைகள் இவர்கள்தான். நான் அன்று பார்த்தது இது: தெரியாதவர் கேட்டால்தான் பிள்ளைகள் சொல்கிறார்கள். தெரிந்துகொண்டே கேட்பவருக்குப் பதில் மட்டும் தருகிறார்கள். பெரிய டீச்சர் புத்தகத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிப் பிடித்திருந்தார். ஆனால் அந்த அறையில் படம் தெரியாத ஒரே ஆள் அவர்தான். அவருக்குச் சொல்ல முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான பேர் போட்டி போட்டார்கள்.

மறுநாளிலிருந்து கேள்வி கேட்பதை அவரிடமே விட்டுவிட்டேன்.

ஜனவரியும் பிப்ரவரியும் இப்படிப் போயின. ஒரு புத்தகத்தை இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்வோம். முதல் நாள் சொல்வது. இரண்டாம் நாள், சொன்னதை நடித்துப் பார்ப்பது. ஆட்டுக் கதைக்குப் பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டுப் பேருந்து ஆக்கினோம். ஓட்டுநராக இருந்த பையன் கூட்டேரிப்பட்டில் நிறுத்தி டீ குடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். புத்தகத்தில் அப்படி ஒரு நிறுத்தம் இல்லை. மூன்றாம் நாள், நாளிதழ் மேசையின் விதியைக் கொஞ்சம் மாற்றி, படத்துக்கு ஒரு வரி சொல்லச் சொல்வேன். படத்தில் தெரிவதைச் சொல்லக் கூடாது. ஓட்டுக் கூரைமேல் ஒரு பூனை கண்ணை மூடிப் படுத்திருக்கும் படம். 'பூனை தூங்குகிறது' செல்லாது என்றேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தூங்கல சார். மீன்காரரு சைக்கிள் சத்தம் வர்ற வரைக்கும் கண்ண மூடிக்கினு இருக்குது." இதை எழுதியிருந்தால் எங்கள் தலைமை உதவி ஆசிரியர் கை வைத்திருக்க மாட்டார்.

எழுதத் தெரிந்தவர்கள் கரும்பலகையில் எழுதினார்கள். முதல் வகுப்பு சொன்னதை ஐந்தாம் வகுப்பு எழுதிக் கொடுத்தது. எழுதியதைச் சொன்ன பிள்ளையே வந்து படிக்க வேண்டும். தான் சொன்ன சொல் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடுவார்கள். ஒப்பித்துக்கொண்டிருந்த அந்த மூன்றாம் வகுப்புப் பெண் பிப்ரவரி முடிவதற்குள் எழுத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கியிருந்தாள். மெதுவாக, கோபத்தோடு. ஆனால் பார்த்துப் படித்தாள்.

மார்ச்சில் அணில் புத்தகம்.

ஓர் அணில் காலையில் கிளம்பிச் சாப்பாடு தேடிப் போகிறது. மாமரம், கொய்யா, பறங்கிக்காய் என்று பக்கத்துக்கு ஒன்று. எல்லா இடத்திலும் யாரோ முந்திக்கொண்டுவிடுகிறார்கள். ஒன்பதாம் பக்கத்தைப் பெரிய டீச்சர் திருப்பினார். பின்வரிசையில் ஒருவன் 'ஐயய்யே' என்றான். அடுத்த கணம் மொத்த அறையும் சிரித்தது. சாக்பீஸ் கோட்டைப் பலபேர் தாண்டிவிட்டார்கள்.

"இன்னாடா ஆச்சு? கோட்டுக்கு அந்தாண்ட போங்க. இன்னா இருக்குது இதுல?"

"மல்லாட்டை பெரிய டீச்சர்."

"மல்லாட்டையப் பாத்ததே இல்லியா நீங்க?"

"தொங்குது பெரிய டீச்சர்."

"எங்க தொங்குது?"

"செடில. மேல. கொத்துக் கொத்தா. கிளைல."

பெரிய டீச்சர் முதல்முறையாகப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். இடுப்பளவு புதர், அதில் திராட்சைபோல் மல்லாட்டைக் காய்கள் தொங்கின. அணில் இரண்டு காலில் நின்று ஒன்றைப் பறிக்கிறது. அவருடைய பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் மல்லாட்டை போடுகிறவர்கள். முகம் சிவந்துவிட்டது.

"படிச்சவன் வரைஞ்சிருக்கான்," என்றார் என்னிடம். "ஒரு செடியப் புடுங்கிப் பாத்திருக்க வேணாம்?"

பிள்ளைகள் பேனாவால் அடித்துத் திருத்தலாம் என்றார்கள். புத்தகத்தில் பேனா படக் கூடாது என்றார். பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் 'திருத்தம்' என்று ஒரு கட்டம் போடுவோம் என்று சொன்னேன். அப்படி ஒன்று செய்யலாம், தனித் தாளில், புத்தகத்தைத் தொடாமல். ஒப்புக்கொண்டார். திருத்தம் எழுத வேண்டுமானால் முதலில் சரியானதைப் பார்த்தாக வேண்டும். நாளைக்கு ஒரு செடி வேண்டும் என்றோம். சுற்றிலும் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த சமயம், செடிக்குப் பஞ்சமில்லை.

மறுநாள் அந்த மூன்றாம் வகுப்புப் பெண்தான் செடி கொண்டுவந்தாள். அதிகாலையில் அவள் அம்மா பிடுங்கும் வேலைக்குப் போன கொல்லை நிலத்திலிருந்து, வேரும் காயுமாக, ஈர மண்ணோடு. பிளாஸ்டிக் பையை வழியிலேயே எங்கோ விட்டுவிட்டாள்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் செடியைப் பார்த்தான். "இது எங்க கொல்லைச் செடி."

"கொல்ல உங்குளுது. புடுங்கினது எங்கம்மா," என்றாள் அவள்.

"எங்கப்பாவக் கேட்டியா?"

"உங்கப்பாதான் டீ குடிக்கப் போயிட்டாரே. போற வழியில எங்கம்மாவாண்டதான் சொல்லிட்டுப் போனாரு, கொல்லையப் பாத்துக்கோன்னு."

பையனும் சிரித்துவிட்டான். தன் அப்பாவைப் பற்றி அது சரியான தகவல்தான் என்பதுபோல் இருந்தது.

பெரிய டீச்சர் வழக்கம்போல் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தார். பெண் செடியைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள். ஒரு பக்கம் கிளையில் காய், இன்னொரு பக்கம் வேரில் காய். எல்லோருக்கும் தெரியட்டும் என்று செடியைக் கொஞ்சம் உயர்த்தி ஓர் உலுக்கு உலுக்கினாள். காய்கள் ஆடின. வேர்மண் மொத்தமும் ஒன்பதாம் பக்கத்தின் மடிப்பில் விழுந்தது.

பெரிய டீச்சர் சட்டென்று கையால் துடைத்தார். மண் ஈரம். துடைத்தது எதிர்ப்பக்கம் வரை இழுத்துக்கொண்டு போனது. தலைப்பால் துடைத்தார். மடிப்பின் இரண்டு பக்கமும் செம்பழுப்பாக ஒரு கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

அவர் திட்டவில்லை. புத்தகத்தை விரித்தபடியே அலுவலக அறைக்கு எடுத்துப் போய், மின்விசிறிக்கு அடியில் வைத்தார். காய்ந்த பிறகு பழுப்பு அட்டையைச் சரிசெய்து பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கைப்பையில் போட்டு, கைப்பையின் ஜிப்பை இழுத்தார். பள்ளி விடும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"இன்னும் ரெண்டு மாசம் தம்பி. இத்தன வருசம் வந்துட்டு."

அடுத்த வாரம் முழுக்க பீரோ திறக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. மே மாதத்துக்குப் பிறகு கடிதம் எழுத வேண்டியவர் நான் அல்ல.

ஆனால் பிள்ளைகளுக்குக் கடைசி மணி நேரம் பழகிப் போயிருந்தது. அதற்கடுத்த வாரம், புத்தகம் இல்லாமலேயே அணில் கதையை நடத்தலாம் என்றார்கள். ஒரு பெண் வெறும் கையை விரித்துப் பிடித்து, இல்லாத பக்கத்தை மேல் மூலையில் இரண்டு விரலால் திருப்பினாள். மற்றவர்கள் அதில் இருப்பதைச் சொன்னார்கள். பெரிய டீச்சரின் அறைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது தோள் உயரத் தடுப்பு மட்டும்.

மாமரம் சொன்னார்கள். அடுத்து பறங்கிக்காய் என்றார்கள். இல்லை, குளம் என்றான் ஒருவன். குளத்தில் அணிலுக்கு என்ன வேலை என்று சண்டை வந்தது. அணில் குளித்துவிட்டுத்தான் சாப்பிடும் என்றான். நான்காம் வகுப்பு, அணில் பறங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகச் சொன்னது. இரண்டு நாள் இப்படிப் போனதில் கதை எங்கெங்கோ போய், அணில் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியது.

மூன்றாம் நாள் தடுப்புக்கு மேல் பெரிய டீச்சரின் தலை தெரிந்தது.

"மாமரத்துக்கு அப்புறம் கொய்யாடா. கொய்யால கிளி. கிளி துன்னுட்டுது. அப்புறம்தான் பறங்கிக்காய்."

"இல்ல பெரிய டீச்சர், குளம்."

"குளமே கெடையாது அந்தப் புஸ்தகத்துல."

"இருக்குது."

"கெடையாதுன்றேன்."

"நீங்க எங்க பாத்தீங்க? நாங்கதானே உங்குளுக்குச் சொன்னோம்."

பெரிய டீச்சர் அலுவலக அறைக்குள் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. குழாயடியில் கை கழுவும் சத்தமும் கேட்டது. புத்தகத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொய்யாப் பக்கத்தை விரித்துக் காட்டினார். குளம் இருந்தது. கொய்யா மரத்துக்குப் பின்னால், விரல் நக அளவில், நீலமாக. அவன் மட்டும் அதைப் பார்த்திருந்தான்.

பெரிய டீச்சர் அதை அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "சரிடா. குளம் இருக்குது. ஆனா அணில் குளிக்கல," என்றார்.

அன்றுதான் திருத்தத்தையும் முடித்தோம். பெரிய தாளில் ஒரு மல்லாட்டைச் செடி, தரைக்கோட்டுக்கு மேல் இலையும் மஞ்சள் பூவும், கீழே காய்கள். வரைந்தவர்கள் ஐந்து வகுப்பும். செடி கொண்டுவந்த பெண் அடியில் எழுதினாள்: 'ஒன்பதாம் பக்கத்தில் மல்லாட்டை மேலே காய்த்துள்ளது. அது கீழேதான் காய்க்கும். எங்கள் ஊரில் பார்த்தோம்.' கேட்டு எழுதவில்லை, அவளே எழுதினாள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினோம். கறை மட்டும் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

ஏப்ரலில் அடுத்த தலைமையாசிரியர் யார் என்று தெரிந்தது. முகையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தவர். கணக்கில் கறாரானவர் என்று பெரிய டீச்சர் விசாரித்து வைத்திருந்தார். மே மாதம் எல்லாரும் வெளியூர் போய்விடுவார்கள், பிள்ளைகள் இருக்கும்போதே இருப்பைப் பார்த்துவிடுகிறேன் என்று புதியவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கடைசி வேலை நாளில் வந்தார். சட்டைப் பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு பேனா. காப்பி வேண்டாம் என்றார்.

பெஞ்சு, மேசை, தராசு, பூகோள உருண்டை எல்லாம் முடித்து பீரோவுக்கு வந்தார். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கங்களைக் கட்டைவிரலால் ஓடவிட்டு, ஒரு 'சரி' போட்டு அடுத்ததை எடுத்தார். பெரிய டீச்சர் பக்கத்தில் நின்றிருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அணில் புத்தகத்தில் கட்டைவிரல் நின்றது.

"இது இன்னா டீச்சர்?"

"மண்ணு சார்."

"மண்ணு எப்பிடி வந்துது?"

"மல்லாட்டைச் செடிலருந்து."

"புஸ்தகத்துக்குள்ள மல்லாட்டைச் செடி எப்பிடி வந்துது?"

"அது சரியா வரலன்னுதான் சார் வெளிலருந்து கொண்டாந்தோம்."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். குரலில் கடுமை இல்லை. "நான் இத நன்றுன்னு எழுத முடியாது டீச்சர். நாளைக்கு என்னக் கேப்பாங்க."

"தெரியும் சார். நானா இருந்தாலும் எழுத மாட்டேன்."

"சேதம்னு எழுதினா உங்குளுக்குக் கேள்வி வரும்."

"அதுவும் தெரியும்."

பெரிய டீச்சர் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எப்பிடி ஆச்சுன்னு பாத்துட்டு எழுதுங்க சார். இன்னா எழுதினாலும் சரி."

கை கழுவிக்கொண்டு வந்தார். பெரிய அறையில் பிள்ளைகள் விடுமுறைக் கும்மாளத்தில் இருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்ததும் அவரவர் இடத்துக்கு வந்தார்கள். கோடு அழிந்து போயிருந்தது. இருந்த இடம் எல்லோருக்கும் தெரியும். புது சார் பெரிய டீச்சருக்குப் பின்னால் நின்றார். அங்கேயிருந்து அவருக்கும் அட்டைதான் தெரிந்தது.

மாமரத்தைச் சொன்னார்கள். கொய்யாவும் கிளியும். குளத்தை ஐந்தாறு பேர் சேர்ந்து சொன்னார்கள். புது சார் எட்டிப் பார்க்கலாமா என்று தயங்கி, பிறகு கேட்டார்.

"குளம் எங்க இருக்குது?"

"மரத்துக்குப் பின்னாடி சார். சின்னதா. ஆனா அணில் குளிக்கல."

"ஏன் குளிக்கல?"

"பெரிய டீச்சர் குளிக்க உடல சார்."

ஒன்பதாம் பக்கம் வந்தது. இந்தத் தடவை பிள்ளைகள் சிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"இதுல இன்னா?" என்றார் அவர்.

"மல்லாட்டை சார். கிளைல காச்சித் தொங்குது."

அவர் குனிந்து, பெரிய டீச்சரின் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தார். முகையூரில் மல்லாட்டை தெரியாத ஆள் கிடையாது. முதலில் மீசைதான் அசைந்தது.

"எந்த ஊர்ல இப்பிடிக் காய்க்குது?"

"புஸ்தகத்துல மட்டும் சார். அதான் நான் செடி கொண்டாந்தேன். ஒதறினேன். மண்ணு கொட்டிக்கிச்சு," என்றாள் அந்தப் பெண். "பெரிய டீச்சர் மேல தப்பு இல்ல. திருத்தம் போட்டுட்டோம்." சுவரைக் காட்டினாள்.

அவர் சுவரருகே போய்த் தாளைப் படித்தார். மூன்று வரிதான். படித்து முடித்த பிறகும் நின்றார். திரும்பி அலுவலக அறைக்கு வந்து பதிவேட்டை இழுத்து, நிலை என்ற கட்டத்தின் தலைப்பில் இருந்த சிறிய எழுத்துகளைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தேய்மானம்னு ஒண்ணு இருக்குது டீச்சர். பயன்படுத்தினதால தேய்மானம். என் சர்வீஸ்ல யாரும் அத எழுதி நான் பாத்ததில்ல."

"அத எழுதினா?"

"ஒண்ணும் வராது. பயன்படுத்தத்தானே குடுத்திருக்காங்க." சிவப்பை மூடிவிட்டு நீலத்தை எடுத்தார். "என் பழைய ஸ்கூல்ல பீரோவுக்குள்ள கரையான் புகுந்துட்டுது டீச்சர். யாரும் தெறக்கல, யாருக்கும் தெரியல. நானும்தான் தெறக்கல. அதுக்கு இன்னிக்கும் லெட்டரு எழுதிக்கினு இருக்கறேன்."

பெரிய டீச்சர் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீங்களுமா சார்?" என்றார்.

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். பெரிய டீச்சரும் போட்டார். பீரோ சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி சொல்லட்டுமா என்று நான் கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் சரி என்றார்கள்.

காப்பி வருவதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பெரிய டீச்சர், மீதிப் பக்கம்?"

பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தோம். புத்தகம் இப்போது அவர் பொறுப்பில் இல்லை. புது சாரைப் பார்த்தார். அவர் புத்தகத்தை எடுத்து நீட்டினார். பெரிய டீச்சர் எழுந்து குழாயடிக்குப் போகாமல் நேரே பெரிய அறைக்குப் போனார்.

அணில் கடைசியில் தன் மரத்துக்கே திரும்பி வருகிறது. காலையில் கிளம்பும்போது பார்க்காமல் போன ஒரு பழம் அதன் பொந்துக்கு மேலேயே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வரி எதுவும் கிடையாது. இத்தனை தடவை கேட்டதில் பெரிய டீச்சருக்கு எல்லாப் பக்கமும் மனப்பாடம். அதனால் இருப்பதைக் கேட்கவில்லை.

"இப்போ அணில் இன்னா நெனச்சிக்கினு இருக்குது?"

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. எனக்கும் தெரியாது. பிள்ளைகள் அணிலை உற்றுப் பார்த்தார்கள்.

"நாளைலருந்து லீவுன்னு," என்றான் ஒருவன்.

"அணிலுக்கு ஏதுடா லீவு," என்றது இன்னொரு குரல். "கொய்யாக்குக் கிளிக்கு முன்னாடி ஜல்தியாப் போவணும்னு நெனைக்குது."

"அதெல்லாம் இல்ல. வவுறு நெறஞ்சா ஒண்ணும் நெனைக்காது. சும்மா உக்காந்திருக்குது," என்றாள் மல்லாட்டைச் செடி கொண்டுவந்தவள்.

பெரிய டீச்சர் அதை ஒப்புக்கொண்டார். புத்தகத்தை மடியில் மூடி வைத்தார். காப்பி வந்திருந்தது.